பறங்கிக்காய்க்கு ஒரு தங்கை

நம் நாட்டில் பறங்கிக்காயை அறியாதார் இல்லை. கொங்கு நாட்டார் அதை அரசாணிக்காய் என்பர். வேறு சில ஊர்களில் மஞ்சள் பூசணி என்றும் சர்க்கரைப் பூசணி என்றும் வழங்குவர். பொங்கலன்று அது சேராத கூட்டு கூட்டாகாது. மார்கழியில் அதன் பூ இல்லாத கோலம் கோலமாகாது. இப்படி நம்முடன் நெருங்கி உறவு கொண்டாடும் காய்க்குப் 'பறங்கி' என்று பெயர் வைத்திருக்கிறோம். பறங்கி என்றால் ஐரோப்பியன். போர்த்துகீசியர் முதலானோர் கப்பலேறி வந்த பிறகு இங்கே வந்த காயாதலால் அந்தப் பெயர் ஒட்டிக் கொண்டது. உண்மையில் அது அவர்கள் நாட்டிலும் பிறந்ததன்று. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசங்களில், கொலம்பஸ் தலை காட்டுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, அந்நாட்டுப் பூர்வ குடிகள் காட்டுக் கொடியைப் பழக்கிப் பயிராக்கினார்கள். மிளகாயும் உருளைக்கிழங்கும் எந்த வழியாக வந்தனவோ, அதே வழியாகப் பறங்கியும் நம் கொல்லைக்கு வந்து சேர்ந்தது.

இந்தப் பறங்கிக்கு ஒரு தங்கை உண்டு. 'பட்டர்நட்' என்று பெயர். நம் பெருநகரங்களின் பெரிய காய்கறிக் கடைகளில் இன்று அதைக் காணலாம். கழுத்து நீண்டு, அடி பருத்து, சிறிய சுரைக்குடுக்கை போலிருக்கும். தோல் சந்தன நிறம். உள்ளே செம்மஞ்சள் சதை. விதைகளெல்லாம் பருத்த அடிப்பகுதியில் ஒதுங்கிவிடுவதால், கழுத்து முழுவதும் சதையாகவே இருக்கும். எடை ஒரு கிலோ அல்லது ஒன்றரைக் கிலோ. தாவர சாஸ்திரிகள் இதையும் நமது பறங்கியையும் 'குக்குர்பிட்டா மாஸ்கேட்டா' என்ற ஒரே இனத்தில் சேர்க்கிறார்கள். சாஸ்திரம் படிக்காதவர்களும் இந்த உறவைக் கண்டறியலாம். இரண்டின் காம்பும் ஐந்து பட்டையாக இருக்கும். காயுடன் சேருமிடத்தில் யானைக்காலைப் போல் அகன்று விரியும்.

ஆனால் கடையில் அக்காவுக்கு ஒரு விலை, தங்கைக்கு வேறொரு விலை. சீமைப் பெயர் இருந்தால் மதிப்பு உயருவது நமக்குப் புதிதல்லவே! அப்படி உயர்ந்த குலத்தில் பிறந்தவள்தானா இந்தத் தங்கை? அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்துக்குச் சென்ற நாம், அவளுடைய பிறந்த வீட்டையும் பார்த்துவிடுவதென்று தீர்மானித்தோம்.

பாஸ்டனில்

ராஜ்யத்தின் தலைநகர் பாஸ்டன். அந்நியர் விதித்த வரியை எதிர்த்து 1773-ல் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கவிழ்த்த நகரம் இதுவே. நாம் அங்கே முதலில் பார்க்க விரும்பியது ஒரு காய்கறித் தோட்டத்தை. நகரின் நடுவே, உயர்ந்த மாளிகைகளுக்கும் ஓயாத மோட்டார் ஓட்டத்துக்கும் இடையில், 'பென்வே வெற்றித் தோட்டம்' என்று ஒன்று இருக்கிறது. ஏழு ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலம். அதில் 500-க்கு மேற்பட்ட சிறு பாத்திகள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் பொறுப்பு.

இது தோன்றிய ஆண்டு 1942. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கா இறங்கியதும், வீட்டுக்கு வேண்டிய காய்கறியை வீட்டாரே விளைவித்துக் கொள்ளுமாறு சர்க்கார் ஜனங்களைக் கேட்டுக் கொண்டது. வீட்டு முற்றங்களிலும் பள்ளிக்கூட மைதானங்களிலும் மண்வெட்டி விழுந்தது. அக்காலத்தில் தேசமெங்கும் சுமார் 2 கோடி தோட்டங்கள் இருந்தன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். யுத்தம் முடிந்ததும் பெரும்பாலானவை மறைந்து போயின. பென்வே இன்றும் பூத்துக் காய்த்துக் கொண்டிருக்கிறது.

அந்தப் பாத்திகளிடையே நடந்தபோது நமக்கு வங்காளத்தின் ஞாபகம் வராமல் இல்லை. அங்கே தோட்டங்கள் பெருகிய அதே 1943-ல், இங்கே லட்சக்கணக்கான மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். 'அதிகமாக உணவு விளைவியுங்கள்' என்ற பிரசாரம் இங்கும் நடந்தது. ஆனால் தன் ஜனங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய சர்க்காரின் வேண்டுகோளுக்கும், பதில் சொல்லக் கடமைப்படாத சர்க்காரின் வேண்டுகோளுக்கும் வித்தியாசம் இருக்கிறது. கொல்லையில் போடும் கொடியால் மட்டும் பஞ்சத்தைத் தடுத்துவிட முடியாது. எனினும் தன் உணவில் ஒரு பங்கையாவது தானே விளைவிக்கத் தெரிந்த குடும்பத்துக்கு ஒரு நிமிர்வு உண்டு.

ஒரு ரயில் பாதை

பாஸ்டனின் வடக்கு ஸ்டேஷனிலிருந்து பிட்ச்பர்க் வரை மேற்கு நோக்கி ஒரு ரயில் பாதை செல்கிறது. நமது யாத்திரைக்கு அந்த ஒரு பாதையே போதுமானதாக இருந்தது. அப்போது இலையுதிர் காலத்தின் தொடக்கம். பாதையின் இருபுறமும் மேப்பிள் மரங்கள் சிவப்பும் பொன்னுமாய் எரிவதுபோல் நின்றன. வழியில் வால்தம் என்ற நகரம் வந்தது. அங்கே நமக்கு வேலையிருந்தது. ஆனால் திரும்பி வரும்போது இறங்கலாம் என்று மேலே சென்றோம்.

கன்கார்ட் ஊரை அடைவதற்குச் சற்று முன்னால், மரங்களினூடே ஒரு நீர்நிலை பளிச்சிட்டு மறைந்தது. வால்டன் குளம்! ஹென்றி டேவிட் தோரோ 1845-ல் குடிசை கட்டி வாழ்ந்த கரை அதுதான். இந்த ரயில் பாதை அதற்கு ஓராண்டு முன்புதான் கன்கார்டை எட்டியிருந்தது. பாதை போட வந்த அயர்லாந்துத் தொழிலாளி ஒருவரின் கொட்டகையை விலைக்கு வாங்கி, அதன் பலகைகளைக் கொண்டு தோரோ தம் குடிசையை அமைத்தார். இரண்டரை ஏக்கர் நிலத்தில் அவரை வகையைச் சேர்ந்த பீன்ஸ் பயிரிட்டுத் தம் கையாலேயே களை கொத்தினார். அடிமை முறைக்குத் துணைபோகும் சர்க்காருக்கு வரி செலுத்த மறுத்து, 1846-ல் ஒரு நாள் இரவு சிறையிலும் இருந்தார். அந்த அனுபவத்தையொட்டி அவர் எழுதிய கட்டுரையைத்தான் தென்னாப்பிரிக்காவில் மகாத்மா காந்தி 1907-ல் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் சுருக்கி வெளியிட்டார். களை கொத்திய கைதான் அந்தக் கட்டுரையையும் எழுதியது என்பதை நாம் நினைவில் வைப்பது நல்லது.

கன்கார்ட் ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. எப்ரேம் புல் என்பவர் தம் வீட்டுக் கொல்லையில் காட்டுத் திராட்சை விதைகளை ஊன்றி, முளைத்த கொடிகளில் நல்லதைப் பொறுக்கிப் பொறுக்கி, 1849-ல் 'கன்கார்ட் திராட்சை'யைக் கண்டார். அமெரிக்காவெங்கும் அது பரவியது. பிறர் அதனால் பணக்காரரானார்கள். புல் ஏழையாகவே இறந்தார். கொல்லையில் புது வகை காண்பது இந்தப் பக்கத்து மண்ணின் வழக்கம் போலும் என்று எண்ணிக் கொண்டே தெற்கு ஆக்டன் ஸ்டேஷனில் இறங்கினோம். அங்கிருந்து சில மைல் தூரத்தில் இருக்கிறது ஸ்டோ.

ஸ்டோ

ஸ்டோ பெரிய ஊரன்று. பாஸ்டனுக்கு மேற்கே சுமார் 25 மைல். சிறு குன்றுகள், ஆப்பிள் தோட்டங்கள், கல்லை அடுக்கிக் கட்டிய வேலிச் சுவர்கள். சாலையோரக் கடைகளில் ஆப்பிளுக்குப் பக்கத்தில் பறங்கி வகைகளைக் குவித்திருந்தார்கள். உருண்டை, நீளம், பச்சை, செம்மஞ்சள் என்று பல ஜாதி. அவற்றினிடையே சந்தன நிறத்தில் நம் தங்கையும் அடக்கமாக அமர்ந்திருந்தாள்.

இவற்றை அங்கே 'ஸ்குவாஷ்' என்கிறார்கள். அது ஆங்கிலேயர் கொண்டுவந்த சொல்லன்று. அங்கு வாழ்ந்த நாரகன்செட் என்ற பூர்வ குடியினரின் பாஷையிலிருந்து எடுத்தது. 1643-ல் ரோஜர் வில்லியம்ஸ் அந்தப் பாஷையைப் பற்றி எழுதிய நூலிலேயே அச்சொல் இடம் பெற்றிருக்கிறது. சோளம், அவரை, பறங்கி மூன்றையும் ஒரே மேட்டில் ஊன்றுவது அம்மக்களின் முறை. சோளத்தட்டையில் அவரை ஏறும். அவரை மண்ணுக்கு உரமூட்டும். பறங்கியின் அகன்ற இலை தரையை மூடிக் களையை அடக்கும். மூன்று சகோதரிகள் என்று அவற்றைப் போற்றினார்கள். பின்னர் யுத்தங்கள் வந்தன. நிலம் குடியேறியவர்கள் கைக்குப் போயிற்று. சொல்லும் கொடியும் நின்றன.

குடியேறியவர்களுக்குப் பறங்கி மிகவும் அவசியமாயிருந்தது. அங்கே ஆறு மாதம் எதுவும் விளையாது. மே மாதத்தின் பிற்பகுதியில் உறைபனி நீங்கியபின் விதை ஊன்ற வேண்டும். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதலிலோ மறுபடியும் பனி விழும். ஒரே இரவில் கொடி கருகிவிடும். அதற்குள் பறித்த காயை நிலவறையில் வைத்துக் குளிர்காலம் முழுவதும் உண்ண வேண்டும். ஆகையால் கெட்டுப் போகாமல் நெடுநாள் இருக்கும் காயையே அவர்கள் தேடினார்கள். இதே ராஜ்யத்தின் கடலோர ஊரான மார்பிள்ஹெட்டில், எலிசபெத் ஹப்பர்ட் என்ற அம்மையார் போற்றிய ஒரு வகையை ஜேம்ஸ் கிரகரி என்ற விதை வியாபாரி 1850-களில் அவர் பெயராலேயே நாடெங்கும் பரப்பினார். ஆனால் 'ஹப்பர்ட்' மிகப் பெரிய காய். உடைப்பதற்குக் கோடரி தேவைப்படும். கழுத்து வளைந்த வேறொரு வகையும் இருந்தது. அது மாஸ்கேட்டா இனம், சுவையானது. ஆனால் அந்த வளைந்த கழுத்தால் பெட்டியில் அடுக்குவதும் கஷ்டம். தோல் சீவுவதும் கஷ்டம்.

சின்னக் குடும்பத்துக்கு ஒரு வேளைக்குப் போதுமானதாகவும், கழுத்து நேரானதாகவும் ஒரு காய் கிடைத்தால்? ஸ்டோவில் நிலம் வைத்திருந்த சார்லஸ் லெகெட் என்பவர் அந்தப் பிரயத்தனத்தில் இறங்கினார். அவர் சர்வகலாசாலை விஞ்ஞானி அல்லர். வளைகழுத்து வகையை வேறு வகைகளுடன் கலந்து, ஆண்டுதோறும் விளைந்ததில் தமக்குப் பிடித்ததன் விதையை எடுத்து மறுபடி விதைத்து, 1940-களில் பட்டர்நட்டை உருவாக்கினார் என்று அவருடைய மனைவியார் கூறியிருக்கிறார். வெண்ணெயின் மென்மையும் கொட்டைப் பருப்பின் இனிமையும் சேர்ந்திருந்தமையால் அந்தப் பெயராம். சீமைப் பெயர் பூண்ட தங்கையின் பிறப்பு ரகசியம் இவ்வளவுதான்: ஒரு மனிதர், ஒரு துண்டு நிலம், சில ஆண்டுப் பொறுமை.

வால்தம்

லெகெட் தம் காயை எடுத்துக்கொண்டு போன இடம் வால்தம். அங்கே விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஒன்று இருந்தது. நாமும் திரும்பும் வழியில் அவ்வூரில் இறங்கினோம்.

வால்தத்தைக் காண்பதற்கு நமக்கு வேறொரு காரணமும் இருந்தது. பிரான்சிஸ் காபட் லோவெல் இங்கிலாந்து சென்று விசைத்தறிகளைக் கண்ணால் பார்த்து மனத்தில் பதித்துக் கொண்டு திரும்பி, 1814-ல் இங்கே ஓர் ஆலையை நிறுவினார். பஞ்சு உள்ளே போய்த் துணியாக வெளியே வரும்படி, நூற்பும் நெசவும் ஒரே கூரையின் கீழ் நடந்த முதல் அமெரிக்க ஆலை அது. அந்தப் பஞ்சை விளைவித்தவர்கள் தென் ராஜ்யங்களின் அடிமைகள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. துணிக்கு அந்நியரை எதிர்பார்க்காமலிருக்க ஒரு தேசம் என்ன பாடுபட்டது என்பதற்கு அக்கட்டிடம் சாட்சி. பிறரைச் சுரண்டாமல் அதைச் சாதிப்பதே மேலான சுதேசியம் என்பதற்கும் அதுவே சாட்சி.

ஆராய்ச்சிப் பண்ணையில் பட்டர்நட்டை எடுத்துக் கொண்டவர் ராபர்ட் யங். அந்தக் காயில் அவ்வப்போது பாட்டியின் குணம் தலை காட்டும். கழுத்து வளைந்து விடும். வளைந்ததைத் தள்ளி, நேரானதையே பொறுக்கி, பல தலைமுறை விதை எடுத்து, அவர் நிலைபெறச் செய்ததற்கு 'வால்தம் பட்டர்நட்' என்று பெயர். 1970-ல் அமெரிக்க விதைப் போட்டியில் அது பரிசு பெற்றது. இன்று உலகமெங்கும் வீட்டுத் தோட்டக்காரர்கள் விதைப்பது பெரும்பாலும் அதையே. கொல்லையில் தொடங்கிய வேலையைச் சர்க்கார் பண்ணை முடித்தது. நம் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தாரும் இதே நோக்கத்துடன் 'கோ 2' என்ற சிறு பறங்கியைக் கண்டிருக்கிறார்கள். இரண்டு கிலோவுக்கு மேல் அது பருப்பதில்லை.

நம் கொல்லையில்

இனி, இந்தத் தங்கையை நம் வீட்டுக்கு அழைத்து வருவது எப்படி? அக்காவுக்குச் செய்யும் உபசாரமே போதும். ஆடிப் பட்டத்திலோ தைப் பட்டத்திலோ ஊன்றலாம். நாள் முழுதும் நல்ல வெயில் விழும் இடத்தில், ஓர் அடி நீள அகல ஆழத்துக்குக் குழியெடுத்து, மக்கிய தொழு உரத்தையும் மேல்மண்ணையும் கலந்து நிரப்ப வேண்டும். குழிக்கு நாலைந்து விதை. முளைத்தபின் வலுவான இரண்டை நிறுத்தினால் போதும். குழிக்குக் குழி ஆறடி இருக்கட்டும். இடமில்லாதவர்கள் பந்தலில் ஏற்றலாம். சிறிய காயாதலால் பந்தல் தாங்கும். தரையில் படர விட்டால், ஐப்பசி மழையில் காய் அழுகாதிருக்க அடியில் வைக்கோலோ ஓடோ வைக்க வேண்டும். பழ ஈ குத்தாமலிருக்கப் பிஞ்சுகளைத் துணிப் பையால் மூடலாம். குத்துப்பட்டு உதிர்ந்ததை ஆழப் புதைத்துவிட வேண்டும்.

முதலில் ஆண்பூக்களே பூக்கும். 'பூக்கிறது, காய்க்கவில்லையே' என்று கவலைப்பட வேண்டியதில்லை. பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு தெரியும். மார்கழிக் கோலத்துக்குப் பூப் பறிக்கும் நம் பெண்மணிகள் இதை நன்கு அறிவார்கள். பிஞ்சுள்ள பூவில் கை வைக்க மாட்டார்கள். அமெரிக்காவில் பறங்கிப் பூவின் மகரந்தத்தையே நம்பி வாழும் தனித் தேனீ ஒன்று உண்டு. ஆண் தேனீ, வாடி மூடிய பூவுக்குள்ளேயே உறங்கும்! மெக்ஸிகோவிலிருந்து பூர்வ குடிகள் பறங்கியை வடக்கே கொண்டுசெல்ல, அதுவும் பின்தொடர்ந்து சென்றதாக ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். கடல் கடந்து நம்மிடம் வந்த கொடிக்கு அந்தத் துணை வரவில்லை. நம் அடுக்குத் தேனீயும் கொசுத் தேனீயும் அந்தப் பொறுப்பை ஏற்றுக் கொண்டன.

விதைத்த மூன்றரை மாதத்தில் காய் முற்றும். தோல் சந்தன நிறமாகி, நகத்தால் கீறினாலும் பதியாமல், காம்பு காய்ந்திருந்தால் பறிக்கலாம். இரண்டு அங்குலக் காம்புடன் அறுத்து, காற்றோட்டமான நிழலில் பத்து நாள் வைத்திருந்து பின் பரணில் ஏற்றினால் பல வாரம் கெடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது விதை. அக்காவும் தங்கையும் ஒரே இனமாதலால், பக்கத்தில் பூத்தால் தேனீ இரண்டையும் கலந்துவிடும். அந்த ஆண்டுக் காயில் வேற்றுமை தெரியாது. அதன் விதையை ஊன்றினால் அடுத்த ஆண்டு என்ன விளையும் என்று யாரும் சொல்ல முடியாது. சுரை, பீர்க்கு, வெண்பூசணி இவற்றுடன் கலக்கும் என்ற பயமில்லை. எனவே விதைக்கென்று காய் வேண்டுவோர், மாலையில் மறுநாள் மலரப் போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நூலால் கட்டிவிட வேண்டும். விடியற்காலையில் ஆண்பூவின் இதழை நீக்கி, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தடவி, மறுபடி அதன் வாயைக் கட்டி, காம்பில் அடையாளக் கயிறு கட்ட வேண்டும். அந்தக் காய் நன்கு முற்றிய பிறகும் சில வாரம் வைத்திருந்து விதை எடுத்து, கழுவி நிழலில் உலர்த்திச் சாம்பலில் வைக்கலாம். ஒரு கொடியை மட்டும் நம்பாமல், சிறந்த பல கொடிகளிலிருந்து எடுப்பது உத்தமம். கடையில் வாங்கிய காய் ஒட்டு ரகமாயிருந்தால் அதன் விதை தாயைப் போல் காய்க்காது. நாட்டு முறையில் நிலைபெற்ற ரகத்தின் விதையையே தேட வேண்டும்.

நம் பாட்டிமார் ஆராய்ச்சிச் சாலையைக் கண்டதில்லை. எனினும் இனிப்பான காயின் விதையைச் சாம்பலில் புரட்டி வைத்து, பெண்ணைப் புக்ககம் அனுப்பும்போது சீருடன் முடிந்து கொடுத்தார்கள். அந்நியமாய் வந்த பறங்கியை அரசாணியாகவும் சர்க்கரைப் பூசணியாகவும் ஊருக்கு ஊர் மாற்றியவர்கள் அவர்களே. ஸ்டோவில் ஒருவர் செய்ததை இங்கே ஆயிரமாயிரம் பெண்கள் பேரில்லாமல் செய்தார்கள். இப்போது அந்த வழக்கம் தேய்ந்து வருகிறது. உரலடியிலும் எரவாணத்திலும் இருந்த விதை முடிச்சு மறைந்து, வண்ணப் படம் போட்ட பொட்டலம் அதன் இடத்தைப் பிடிக்கிறது. விதையைச் சேமிக்கவும் மாற்றிக் கொள்ளவும் விவசாயிக்குள்ள உரிமையை 2001-ல் நம் பார்லிமெண்டு சட்டமாக்கியிருக்கிறது. ஆனால் கையில் விதையே இல்லாதவனுக்கு உரிமை இருந்து என்ன பயன்?

ஆகவே நேயர்களே, பட்டர்நட்டைத் தாராளமாகப் பயிரிடுங்கள். வந்தவரை உபசரிப்பது நம் குணம். அத்துடன் உங்கள் ஊர்ப் பறங்கியின் விதை எவர் வீட்டில் இருக்கிறதென்று இந்த ஆடிக்கு முன் விசாரித்து, ஒரு பிடி வாங்கி வையுங்கள். விளைந்ததில் மிக நல்ல காயைச் சமைத்துவிடாமல், விதைக்கென்று ஒதுக்குங்கள். விதையை விலைக்கு வாங்குகிற குடும்பம் ஆண்டுதோறும் கடைக்காரரை எதிர்பார்க்க வேண்டும். விதை வைத்திருக்கிற குடும்பம் மழையை எதிர்பார்த்தால் போதும்.